வைட்டமின் குப்பியில் போட்ட மாத்திரை

மீன்குழம்பில் நடுத்துண்டை என் தட்டில் தள்ளிவிட்டு, தனக்குத் தலைதான் பிடிக்கும் என்று பொய் சொன்ன என் மல்லிகா அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. மட்டாஞ்சேரியில் நம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் போடும் மலரில் இது அச்சாகும். வேண்டுமென்றேதான் அங்கே கொடுக்கிறேன். நம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை இனி ஊர் கேட்கப் பேசுவது என்று முடிவெடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் எழுதத்தான் போகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. வல்லார்பாடத்தில் பெரிய கண்டெய்னர் துறைமுகம் வரப்போகிறது என்று பஜார் முழுக்கப் பேச்சு. அம்மா இன்னும் அதே சுக்குக் கிடங்கில்தான் சுக்கு பொறுக்குகிறாள். முட்டி வலி என்று புலம்புவாள், நின்றுவிடு என்றால் சண்டைக்கு வருவாள். நான் தினமும் போட் பிடித்து எர்ணாகுளம் போகிறேன். ஆராய்ச்சி செய்கிறேன், அக்கா. பள்ளிக்கூடத்தில் நான் தவளைப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, "இதப் படிச்சு யாருக்குடி வைத்தியம் பாக்கப் போற?" என்று சிரித்தாயே, நினைவிருக்கிறதா?

நான் படிப்பது ஹிஸ்டோன் என்ற புரதத்தைப் பற்றி. கொட்டாவி விடாதே, இது உன் கதை. நம் உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் டிஎன்ஏ என்ற நீளமான இழை இருக்கிறது. உடம்பைக் கட்டுவதற்கான குறிப்பெல்லாம் அதில்தான். அவ்வளவு நீளத்தை அவ்வளவு சின்ன இடத்தில் அடக்குவதற்காக, அந்த இழை ஹிஸ்டோன் உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி மடங்கிக் கிடக்கிறது. இழையும் புரதமும் சேர்ந்த அந்தக் கட்டுக்குக் குரோமாட்டின் என்று பெயர்.

உருண்டைகளிலிருந்து சின்னச் சின்ன வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வாலில் இருப்பது நேர் மின்னூட்டம், இழையில் இருப்பது எதிர் மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். வாலில் அசிட்டைல் என்ற வேதிக்குறி ஒன்று ஒட்டினால் பிடி தளரும், கட்டு இளகும், அந்த இடத்துக் குறிப்பை உயிரணு படித்து வேலை செய்யும். குறியை எடுத்துவிட்டால் கட்டு மறுபடி இறுகும். மெத்தில் என்று இன்னொரு குறி உண்டு. அது ஒட்டும் இடத்தைப் பொறுத்து, சில குறிப்பைத் திறக்கும், சில குறிப்பைப் பூட்டும். குறியை ஒட்டுவதற்கும் எடுப்பதற்கும் தனித்தனி நொதிகள் இருக்கின்றன. வயிற்றில் ஒரு குழந்தை உருவாகும்போது எது எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது ரொம்ப முக்கியம்.

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியை ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார். வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து. அசிட்டைல் குறியை எடுக்கும் நொதியை அது தடுக்கிறது, அதனால் மூட வேண்டிய இடங்கள் திறந்தே கிடக்கின்றன என்று இப்போதுதான் தெரிய வந்திருக்கிறதாம். பலகையில் மருந்தின் பெயரை எழுதினார். வால்ப்ரோயேட். அந்தப் பெயரை நான் எத்தனை அட்டைகளில் படித்திருக்கிறேன்!

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு இருந்தது. மாத்திரை சாப்பிட்டதால் அடங்கியிருந்தது. பள்ளுருத்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அம்மா அதைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் பயம், யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? பழைய சீட்டைக் காட்டி அம்மாவே மருந்து வாங்குவாள். அட்டையைப் பிரித்து, மாத்திரைகளை வைட்டமின் குப்பியில் போட்டு, பலகாரத்தோடு கொடுத்தனுப்புவாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதே டாக்டருக்குத் தெரியாது.

உன் குழந்தை முதுகெலும்பு மூடாமல் பிறந்து, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. உன் மாமியார் கிரகணத்தைப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்பு முடிந்து நீ நம் வீட்டில் இருந்த சமயம் அந்தக் கிரகணம் வந்தது. அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் நீ கப்பைக்கிழங்கு நறுக்கினாய், அவ்வளவுதான். "கிரகணத்துல வயித்துப்பிள்ளக்காரிய கத்தி பிடிக்க விட்டவதானே நீங்க?" என்று நடுவீட்டில் நின்று அந்த அம்மா கேட்டாள்.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானாய். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாய். கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உன் பெட்டியில் குப்பிகள் நிறைந்தபடியே இருந்தன. குழந்தையைக் கெடுத்தது மாத்திரைதான் என்ற உன் சந்தேகம் தப்பில்லை, அக்கா. ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று உனக்கு யார் சொல்வார்கள்? யாரிடம் போய்க் கேட்டிருப்பாய்? கேட்டால் வலிப்பு வெளியே வந்துவிடுமே!

அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தவித்தேன். இத்தனை வருஷமாகக் கிரகணம் என்ற பேச்சு வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறவள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயா குடிக்கும்போது சொல்லிவிட்டேன். கிடங்கை வைத்துச் சொன்னால்தான் அவளுக்குப் புரியும். "மூட்டைய நெருக்கி அடுக்கினா உள்ள இருக்கிறத எடுக்க முடியாதில்லம்மா? எடுக்கணும்னா நடுவுல வழி விடணும். வேல முடிஞ்சதும் திரும்ப நெருக்கணும். இந்த மாத்திர, நெருக்க வர்ற ஆளோட கையப் பிடிச்சிடுது."

"அப்போ கிரகணம் இல்லியா?"

"இல்லம்மா. முதுகெலும்பு மூட வேண்டியது மொத மாசத்துல. அக்கா கப்ப நறுக்கினது ஏழாம் மாசம். மாத்திரைதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பலமான சந்தேகம் அதுமேலதான்."

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். "மனசிலாச்சுடி. கிரகணத்த எடுத்துட்டு எங்கையில மாத்திரைய வச்சிட்ட. அதக் கொடுத்துவிட்டது நாந்தானே?"

இப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆறுதலாக ஏதாவது பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. "மாத்திர இல்லாட்டி அவ கல்யாணம் வரைக்கும் இருந்திருப்பாளான்னே தெரியாது. மாத்திர தப்பில்லம்மா, மறச்சதுதான் தப்பு. டாக்டர்ட்ட சொல்லியிருந்தா முன்னாடியே மருந்த மாத்தியிருப்பாங்க, இல்ல அளவக் கொறச்சிருப்பாங்க" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இனி வருவதுதான் உனக்கு நான் சொல்ல வந்த செய்தி. எதிர்வீட்டு சிந்துவுக்கும் வலிப்பு, அதே மாத்திரை. ஓணம் முடிந்ததும் கல்யாணம். அவள் அம்மா ஒரு நாள் வந்து, மல்லிகா விஷயத்தை எப்படி மறைத்தீர்கள் என்று நம் அம்மாவிடமே யோசனை கேட்டாள்! நாம் பெரிய ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், தெருவுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அம்மா எழுந்து நேரே தெருவுக்குப் போனாள். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். "எம் மகளுக்கு வலிப்பு இருந்துச்சு. நான் மறச்சேன். அவ செத்துப் போயிட்டா" என்றாள். எல்லாரும் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பிறகு சிந்துவின் அம்மாவிடம் திரும்பினாள். "நீ பயந்து மறைக்காத. ஒண்ணும் பேடிக்காத. அந்தப் பையன விளிச்சுச் சொல்லு. ஓடுறவன் இப்பவே ஓடட்டும்."

சொன்னார்கள். அந்தப் பையன் கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரவில்லை. சிந்துவின் அம்மா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சிந்துவை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பதிலிருந்து நான் அசையவில்லை. போன வாரம் அவன் வந்தான், வந்ததும் என்னிடம்தான் கேட்டான்: "சேச்சி, டாக்டர்ட்ட நானும் வரலாமா?" திங்கட்கிழமை நாங்கள் எல்லாரும் எர்ணாகுளம் போகிறோம். டாக்டர் சொல்கிற வரைக்கும் சிந்து ஒரு வேளை மாத்திரைகூட விடக்கூடாது என்று அம்மா தினமும் போய் மிரட்டிவிட்டு வருகிறாள்.

அக்கா, இந்த மருந்து கருவில் எந்தெந்த இடத்தைத் திறந்துவிடுகிறது என்று தேடுவதையே என் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை வருஷமானாலும் விடமாட்டேன். அது தெரிய நாளாகலாம். ஆனால் நம் பெண்கள் தங்கள் நோயை வாய்விட்டுச் சொல்வதற்கு எந்த ஆராய்ச்சியும் முடிய வேண்டாம். ஒவ்வொரு வீடாகப் போய் அதைச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எழுதி முடித்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எம் பேரையும் போடு" என்றாள். எப்படிப் போட வேண்டும் என்று அவளே சொன்னாள். அப்படியே போடுகிறேன்.

உன் தங்கை ராணி,
வலிப்பு இருந்த மல்லிகாவின் அம்மா பாக்கியம்.