பாப்பாவின் மூக்கு

கருங்குழி
3.2.2024

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம், பாப்பாதான் சுகமில்லை. குளிப்பாட்டி முடித்து அம்மா மூக்கை நீவிவிடும்போதெல்லாம் விறைத்துப் போகிறாள். கை கால் வெட்டி இழுக்கிறது, மூச்சு நின்று உதடு நீலமாகிறது. வலிப்பு என்று மருந்து தந்தார்கள், கேட்கவில்லை. சென்னைக்குத் தூக்கிப் போகிறோம்.

நீங்கள் வர வேண்டாம். பட்டப்பகலில் குடித்துவிட்டுக் கடைத்தெருவில் விழுந்து கிடந்தவரை என் தம்பி ஜான்சன் இன்னும் மறக்கவில்லை. நானும்தான்.

ஹெலன்

மாமல்லபுரம்
8.2.2024

அன்பு ஹெலனுக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. போன் வைத்துக்கொள்வதில்லை என்று கோபப்படாதே, மணி அடித்தாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. அன்று நான் குடிக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அவ்வளவுதான், கட்டையாகிவிட்டேன். விழுவது தெரிந்தது, கையை ஊன்ற முடியவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? என் அப்பாவும் இப்படித்தான் விழுவார். அவரைக் குடிகாரர் என்றே புதைத்தார்கள்.

இங்கே வேலை பார்க்கும் லாட்ஜில் கடல் பக்கத்து அறைகளைத்தான் கேட்டு வாங்கிப் பெருக்குகிறேன். அலை சொல்லிவிட்டு வருகிறது, அதற்கு உடம்பு பயப்படுவதில்லை.

பாப்பாவுக்கு என்ன என்று ஒரு வரி எழுது.

ஜெபக்குமார்

கருங்குழி
19.2.2024

என் அன்பான உங்களுக்கு,

சென்னையில் டாக்டரம்மா பாப்பாவின் மூக்கு நுனியை விரலால் மெல்லத் தட்டினார். உடம்பு துள்ளி விறைத்தது. உடனே அவள் தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கமாக மடக்கினார். என் கண்ணெதிரில் விறைப்பு விட்டது, மூச்சு வந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை. ஆண்டவரே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வலிப்பில்லையாம். திடுக்கிட்டால் அடங்கத் தெரியாத நரம்புகளாம், மிக அபூர்வமாம். மாத்திரையால் இப்போது நன்றாக இருக்கிறாள். குடும்பத்தில் வேறு யாராவது மரம் போல விழுவார்களா என்று கேட்டார். உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். கேட்டதும் ஜான்சன் சொன்னான்: "அக்கா, மாமா குடிக்கவே இல்லக்கா. நாமதான் தப்பா பேசிகினு இருந்தோம்."

உங்கள் அப்பா, நீங்கள், இந்தக் கையளவு உடம்பு. மூன்று பேருக்குள்ளும் ஒரே திடுக்கிடல் ஓடி வந்திருக்கிறது. நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அம்மா இப்போது மூக்கை நீவுவதில்லை. எல்லோரும் குரல் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குள் வருகிறார்கள். நேற்று ஜான்சன் வாசல் மணியைக் கழற்றிவிட்டான், உங்கள் இருவருக்காகவும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாருங்கள். நான் உங்கள் எதிரில் வந்து நின்று, சொல்லிவிட்டுத்தான் கையைப் பிடிப்பேன்.

உங்கள் ஹெலன்