பிரேம் போட்ட பிழை

அன்புள்ள மகள் நிருஜாவுக்கு,

கரம்பொனிலிருந்து அப்பா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீயும் அந்தப் பெடியனும் ஒஸ்லோவில் சுகமென்று அம்மா போன் கதைக்கும்போது ஒட்டுக்கேட்டு அறிந்தேன்.

உன் ஆராய்ச்சியையும் அப்படித்தான் அறிந்தேன். மூலக்கூறுக்குள் இருக்கிற ஐதரசன் அணுவுக்குத் தடையை ஏறிக் கடக்கப் பலமில்லாவிட்டாலும், சிலவேளை மதிலுக்குள்ளால் போவதுபோல அந்தப் பக்கம் போய்விடுமாம், அது எத்தனை தரம் போகும் என்று கணக்குப் பார்க்கத்தான் உனக்குப் பேராசிரியர் பதவியாம். நல்லது. எங்கள் ஆட்டுக்கு இந்த வித்தை தெரியாததால் பக்கத்து வளவுப் பூசணி தப்பியிருக்கிறது. கடவுச்சீட்டு வைத்திருக்கிற நீ ஆறு வருடமாக எங்கள் வாசல் படலையைத் தாண்டவில்லை, அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்.

இனி அம்மாவின் கூத்தைக் கேள். உன் கட்டுரையொன்றை ஊர்காவற்றுறைக் கடையில் அச்செடுத்து, பிரேம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவி, சிவப்பு பல்பும் பூட்டிவிட்டாள். மற்றதெல்லாம் முப்பது பக்கமாம், இது ஒரே பக்கம், உன் பெயரும் பெரிதாக இருந்ததாம். நாரந்தனையிலிருந்து வந்த சனம் அதைக் கும்பிடாத குறைதான். போன ஞாயிறு பூசை முடிந்து வந்த தனுசியா ரீச்சர் வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்க ஏலாமல் நின்றாள். அது கட்டுரை இல்லையாம், முந்திய கட்டுரையில் கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டது என் பிழைதான் என்று நீ உலகத்துக்கு அறிவித்த திருத்தமாம். இவ்வளவு படித்தும் அஞ்சாம் வகுப்புப் பிழை. நானும் வயிறு நோகச் சிரித்துவிட்டு, கழற்று என்றேன். அம்மா மாட்டேன் என்றாள். பிழை விட்டனான் எண்டு பேர் போட்டு எழுதினது இந்த வீட்டில என்ர பிள்ளை மட்டும்தான், அது தொங்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். முப்பது வருடம் வள்ளம் ஓட்டினவன் நான், கரை தப்பினபோதெல்லாம் காற்றைத்தான் ஏசியிருக்கிறேன்.

ஆகவே பேராசிரியர் முறைப்படி எழுதுகிறேன். திருத்தம்: நீ சைவ சமயப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்த அன்று, இந்தப் படலைக்குள் கால் வைக்காதே என்று போனில் சொன்னேன். அது பிழை. பிழை விட்டது சில்வெஸ்ரர், வேறு ஒருவருமில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பதிலை அம்மாவுக்கு அல்ல, எனக்கு எழுது. உனக்கும் மருமகன் கோபிசங்கருக்கும் ஆண்டவரின் ஆசீர் கிடைக்கட்டும். வரும்போது இருவரும் படலையால் வாருங்கள், மதிலுக்கு இப்போதுதான் வெள்ளையடித்தது.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. சில்வெஸ்ரர்