சாய டப்பாவும் ஓட்டு மையும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், ஆளுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நேற்று தேர்தல் முடிந்தது. மூன்று நாளாக போன் எதுவும் வேலை செய்யவில்லை, அதனால்தான் கடிதம், வெளியூர் போகும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஓட்டு மை வைத்த விரலை வெட்டுவோம் என்று துப்பாக்கிக் கூட்டம் இந்த முறையும் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. போன தேர்தலில் ஓட்டுப் போட்டு நம் ரொட்டிக்கடைக்காரர் விரலை இழந்தது உனக்குத் தெரியும். அன்றைக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தவர்களையெல்லாம் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பார்த்தீர்களா ஜனங்கள் எங்கள் பக்கம் என்று அவர்கள் பீற்றிக்கொண்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வீட்டில் கிடந்தது விரல் போய்விடுமே என்ற பயத்தில், அவர்கள் மேல் உள்ள பிரியத்தில் இல்லை. அதனால் இந்த முறை நம் சாயப் பட்டறையில் மூன்று சாயத்தைக் கலந்து ஓட்டு மை மாதிரியே ஒன்று செய்தேன். போட்டவர், போடாதவர் எல்லோர் விரலிலும் கறை இருந்தால் யாரை என்று பார்த்து வெட்டுவார்கள்? தையல்காரி அக்காவும் சரி என்றாள், ரொட்டிக்கடைக்காரர் நான்தான் முதல் ஆள் என்றார்.

இதில் உன் அம்மாவின் புத்திசாலித்தனத்தைக் கேள். எந்தச் சாயம் கலந்தாலும் ஒரு மூலையில் வைத்துப் பார்க்காமல் துணியை முக்க மாட்டேன் இல்லையா, அந்தப் பழக்கத்தில் முதல் நாளே என் விரலில் வைத்துப் பார்த்துவிட்டேன். அச்சு அசல் அதே நிறம், தேய்த்தாலும் போகவில்லை. காலையில் வரிசையில் போய் நின்றால், நீங்கதான் ஏற்கெனவே போட்டுட்டீங்களேம்மா என்கிறார் அதிகாரி. பட்டியலைப் பாருங்கள், என் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லையே என்று வாதாடினேன், விதி விதிதான் என்று வெளியே அனுப்பிவிட்டார். ஊருக்கே சாயம் கலந்தவளுக்கு ஓட்டு இல்லையா என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்துவிட்டு டப்பாவோடு ஓட்டுச்சாவடி வாசலில் உட்கார்ந்தேன். ஓட்டுப் போடப் பயந்து, சாயத்தை மட்டும் தொட்டுக்கொள்ள வந்தவர்களை, எப்படியும் கறை படியத்தானே போகிறது, அதை ஓட்டுப் போட்டே வாங்கிக்கொள் என்று உள்ளே விரட்டினேன். பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேர் டப்பாவில் தொட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் தெருக்கோடி வீட்டு அம்மா வந்தார். அவர் மகன் அந்தத் துப்பாக்கிக் கூட்டத்தில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் நேரே உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, எம் புள்ள வந்தா என் விரல்லேருந்தே ஆரம்பிக்கட்டும் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறேன். உன் இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது வாழ எங்கள் ஆசீர்வாதம். முக்கியமாக ஒன்று, இதைப் படித்ததும் எங்களை அங்கே அழைத்துக்கொள்ள டிக்கெட் போட்டுவிடாதே. இந்தக் கறை போகும்வரை நான் நகர மாட்டேன். நான் கிளம்பினால் இந்தத் தெருவில் கறை பட்ட விரல் ஒன்று குறையும்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா