சோற்றுக்கைப் பக்கம்

குரும்பகரம்
12-7-1982

அன்புள்ள தம்பி அம்பலவாணனுக்கு அக்கா கல்யாணசுந்தரி எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அத்தான், நம் தங்கை அல்லி மூவரும் சுகம். நீயும் அஞ்சுகமும் சுகமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்! ஆவடியில் தபால்பெட்டி இல்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கோட்டுச்சேரி மாதர் சங்கத்தார் காதர் பாட்சா மரவாடியின் பின்கொட்டகையில் ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். படிப்பு ஏறாமல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும், நம் அல்லியைப் போல வளர்ந்தும் விவரம் பத்தாதவர்களுக்கும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள். காதர் பாட்சாவின் மகள் ஜன்னத்துல் பிர்தௌஸ்தான் டீச்சர். இதற்கென்றே மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர்.

போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் மாதிரி என்னிடம் "இதுக்கு என்ன வயசு?" என்று கேட்கவில்லை. அல்லியிடமே, "உங்களுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க" என்றார். இவள் என் முந்தானைக்குப் பின்னால் நின்று வெகு நேரம் யோசித்துவிட்டு, "மொச்சக்கொட்டை" என்றாள். டீச்சர் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார். நான்தான் சிரித்தேன். இருபத்தாறு வயதில் அவளை ஒருவர் 'நீங்க' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தான் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். நீ சரி என்று ஒரு வரி எழுது. அப்பா போன பிறகு அவள் விஷயத்தில் உன்னைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை.

அன்புள்ள அக்கா,
கல்யாணசுந்தரி


ஆவடி
21-7-1982

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

தபால்பெட்டி தெருமுனையிலேயே இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் அல்லியின் ஞாபகம் வருகிறது. பிறகு எழுதுவதெல்லாம் கவலையாகவே இருக்கிறது. உனக்கு எதற்கு அது என்று விட்டுவிடுகிறேன்.

வகுப்புக்குப் போகட்டும். அத்தான் கொண்டுபோய் விட்டு, அத்தானே அழைத்து வர வேண்டும். தனியாகப் பஸ்ஸில் ஏற்றும் எண்ணம் மட்டும் யாருக்கும் வர வேண்டாம். யார் கூப்பிட்டாலும் கூடப் போய்விடுகிற பெண். கொஞ்சம் அதட்டினால் தன் பெயர்கூட வாயில் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்துக்கு அப்பால் அல்லி மாதிரிப் பெண்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். உயரமான மதில், வாசலில் எந்நேரமும் காவல்காரர். உள்ளே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். சத்தமே இல்லை. உனக்குப் பிறகு அவளுக்கு யார் அக்கா? அஞ்சுகம் நல்லவள்தான், ஆனாலும் பொறுப்பை அவள் தலையில் எப்படிச் சுமத்துவேன்? விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது அனுப்பவில்லை. அங்கே ஏதாவது ஒன்று நடந்தால் அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
அம்பலவாணன்


குரும்பகரம்
9-10-1982

அன்புள்ள தம்பிக்கு,

உன் இல்லமும் மதிலும் கிடக்கட்டும். இதைக் கேள். அல்லி பேப்பர் பை ஒட்டுகிறாள்! நேற்று நம் கடைத்தெருவில் பொரிகடலை வாங்கினேன். கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்ததும் இவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நான் ஒட்டுனது" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "ஓரத்துல பசை ஜாஸ்தி" என்கிறாள். அத்தான் அந்தப் பையைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

கூடப் படிப்பவர்களில் மருதையன் என்று ஒருவர், நாற்பது வயது. எழுத்து ஒன்றுகூட வரவில்லை. வந்ததும் தலைகளை எண்ணுவார். எட்டு இருந்தால்தான் உட்காருவார். அவரைக் கண்டால் அல்லிக்கு ஏக மரியாதை. மதியச் சாப்பாடும் அங்கேதான். வீட்டில் பாதிச் சோறு தட்டைச் சுற்றிக் கிடக்கும். அங்கிருந்து டப்பா துடைத்து வைத்தாற்போல வருகிறது. என்ன மாயமோ.

அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சைக்கிள் மிதிக்கக் கூடாதாம். எனக்கு நடவு நேரம், வயலை விட்டு நகர முடியாது. அதனால் திங்கட்கிழமை அவளைப் பஸ்ஸில் தனியாக அனுப்பப்போகிறேன். திட்டாதே. கண்டக்டர் சிவசுப்பிரமணியன் நமக்குத் தெரிந்தவர், நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். இறங்கினால் கொட்டகை கூப்பிடு தூரம்தான். "எறங்கி சோத்துக்கைப் பக்கம் நேரா போ, பச்சைக் கதவு" என்று தினமும் சொல்லிக்கொடுத்து, அவளும் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் போய்விட்டு வந்திருப்பாள்.

அக்கா


குரும்பகரம்
12-10-1982

தம்பி,

இரண்டு தந்தியும் கிடைத்திருக்கும். முதல் தந்தியை அத்தான் பதறிப்போய்க் கொடுத்துவிட்டார். அல்லி வீட்டில் இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்காலில் மட்டும் முள். இப்போதுதான் தூங்கினாள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஆவடி
16-10-1982

அக்கா,

'அல்லியைக் காணோம்' என்ற தந்தி மூன்று மணிக்கு வந்தது. 'கிடைத்துவிட்டாள்' என்ற தந்தி ஐந்து மணிக்கு வந்தது. நடுவில் இரண்டு மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்று அஞ்சுகத்தைக் கேள். இந்த மழைக்கு வாய்க்காலெல்லாம் கரை தொட்டு ஓடுமே என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை. சட்டைக்குப் பொத்தான் போடக்கூட வரவில்லை, அவள்தான் போட்டுவிட்டாள்.

நான் ஒன்றே ஒன்றுதானே கேட்டேன்? பஸ்ஸில் அனுப்பாதே என்றுதானே? உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுத முடியாது.

விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். தீபாவளிக்கு வருகிறேன். திரும்பும்போது அல்லியை அழைத்துக்கொண்டு போவேன். துணிமணிகளை எடுத்து வை. வகுப்புக்கு இனிமேல் அனுப்ப வேண்டாம்.

அம்பலவாணன்


குரும்பகரம்
20-10-1982

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோபம் நியாயம். என் தப்பை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கொட்டகைக்குப் பத்துத் தடவையாவது கூட நடந்து பழக்குங்கள் என்று டீச்சர் சொன்னார். நான் இரண்டு தடவை போனேன். அதிலும் அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனேன். அத்தானின் சைக்கிளோ எப்போதும் கொல்லைப்புற வழியாகப் போகும். அவளுக்கு வழி தெரியவில்லை, தெரியும் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். பஸ்ஸை விட்டுச் சரியாகத்தான் இறங்கியிருக்கிறாள். நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, வயல் வழியே நடந்துகொண்டே போயிருக்கிறாள். பச்சைக் கதவு வரவில்லை. நேராகப் போ என்று நான் சொன்னதால் நிற்கவும் இல்லை. கொட்டகையில் டீச்சர், இன்று அல்லி வரவில்லை போலும் என்று பாடத்தைத் தொடங்கியிருக்கிறார். மருதையன் உட்காரவே இல்லையாம். "ஏழு. ஏழுதான்" என்று வாசலை மறித்து நின்றுவிட்டாராம். அதன் பிறகுதான் நம் வீட்டுக்கு ஆள் வந்தது, அத்தான் தந்தி கொடுக்க ஓடினார். மரவாடி ஆட்களும் சங்கத்துப் பெண்களும் நான்கு திசையிலும் போனார்கள். நானும் நடவுச் சேற்றோடு ஓடினேன். ஒரு மணிக்கு வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தது மருதையனும் டீச்சரும்தான். அவளைக் கண்டதும் "எட்டு" என்று சொல்லிவிட்டு மருதையன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

அல்லியை நான் அடித்துவிட்டேன் தம்பி. முதுகில் ஒன்று வைத்தேன். "சோத்துக்கைப் பக்கம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேடி!" என்று கத்தினேன். "சோத்துக்கைப் பக்கந்தான்க்கா போனேன்" என்று அழுதாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லி, சோத்துக்கையைக் காட்டுங்க" என்றார்.

இடது கையைத் தூக்கினாள்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. கொட்டகையில் அவள் இடது கையால்தான் சாப்பிடுகிறாளாம். அதுதான் அவளுக்கு வாகாக வருகிறது என்று டீச்சர் விட்டுவிட்டாராம். கத்தரி பிடிப்பதும் பசை தடவுவதும் அந்தக் கைதானாம். வீட்டில் நாம் வையப்போகிறோமே என்று வலது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிட்டிருக்கிறாள். "அப்ப வீட்டுல எது சோத்துக்கை?" என்று கேட்டேன். வலது கையைக் காட்டினாள். "பின்னே ஏன்டி?" என்றால், "கொட்டாயிக்குப் போறப்ப கொட்டாயிக் கைதானேக்கா?" என்கிறாள்.

டீச்சர், "நான் உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்புங்க. சங்கடப்படுவீங்கன்னு பயந்தேன்" என்று கண் கலங்கினார்.

அவள் வழி தவறவில்லை தம்பி. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தாள்.

துணிமணிகளை எடுத்து வைக்கச் சொன்னாய். எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணன் வீட்டுல பை ஒட்டப் பேப்பர் இருக்குமா?" என்று கேட்டாள். பெட்டியை மூடிவிட்டேன். இனி நீ வந்து உன் கையால் திறந்து எடுத்துக்கொள்.

அக்கா


ஆவடி
2-11-1982

அக்கா, இது அல்லிக்கு. ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. உனக்குச் சங்கடமாக இருக்கும் இடத்தையும் விடாதே.

அன்புள்ள தங்கை அல்லிக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருஷமாக உன்னைப் பற்றித்தான் எழுதினேன், உனக்கு எழுதவில்லை.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது, சாப்பிடும் நேரத்தில் சிவப்புத் துண்டால் உன் இடது கையை முதுகுப் பக்கம் கட்டியது நான்தான். அப்பா சொன்னார், நான் கட்டினேன். நீ திமிறினால் இன்னும் இறுக்குவேன். முடிச்சு அவிழாமல் கட்டத் தெரிந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்கா கடிதத்தைப் படித்த அன்று அந்தத் துண்டுதான் கண் முன்னால் நின்றது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, என்னை மன்னித்துவிடு அம்மா.

நிரப்பிய விண்ணப்பம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. கிழித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அதை அனுப்பமாட்டேன். தீபாவளி முடிந்து நான் மட்டும்தான் ஆவடிக்குத் திரும்புவேன்.

இப்போது நீ செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, பத்து மணி பஸ்ஸில் கோட்டுச்சேரியில் வந்து இறங்குவேன். உன் வகுப்பைப் பார்க்க வேண்டும், மரவாடிக்கு வழி தெரியாது எனக்கு. நீ நிறுத்தத்துக்கு வா. மருதையன் அண்ணனையும் கூட்டிக்கொள். அக்கா வர வேண்டாம். வந்தாலும் தள்ளியே நிற்கட்டும்.

தீபாவளியன்று எல்லோரும் உட்காரும் பந்தியில் உனக்கு எந்தக் கை வருகிறதோ அந்தக் கையால் சாப்பிடு. அத்தான் ஏதாவது சொல்வதற்கு முன்னால், உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் இடது கையால் சாப்பிடுகிறேன். எவ்வளவு சிந்துகிறேன் என்று நீ எண்ணிக்கொள்.

நிறுத்தத்தில் இறங்கியதும் நான் எந்தப் பக்கமும் திரும்பமாட்டேன். சும்மா நிற்பேன். நீ கையைக் காட்டு. எந்தக் கையாக இருந்தாலும் அந்தப் பக்கம் வருகிறேன்.

உன் அண்ணன்,
அம்பலவாணன்