பிள்ளைகள் மடித்த பாராசூட்

மார்ச் 4, திங்கள்

மேஜர் மேடம் காலையிலேயே ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கேடட் பிள்ளைகளுக்கு ராணுவ வேலைகளை அறிமுகப்படுத்தும் வகுப்புகள் அரதப்பழசாகிவிட்டனவாம். விடுமுறைக்குள் புதிதாக மூன்று வேண்டும். யோசிக்க வேண்டியவன் பயிற்சி அலுவலகத்தின் ஒரே சார்ஜண்டான நான்.

"போன வருஷம் மாதிரி கொட்டாவி வர வைக்காதீங்க" என்றார்.

போன வருஷம் நான் கொடுத்தது 'கிடங்கு நிர்வாகம் - ஓர் அறிமுகம்'. சேர்ந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் அறை மாறி வந்தவன்.

மார்ச் 7, வியாழன்

டிரோன் - மேடம் உடனே தலையாட்டினார். போர்க்கள முதலுதவி - ராணுவ டாக்டரே நடத்தித் தருகிறேன் என்றார். மோப்ப நாய் வகுப்புக்குப் பயிற்சியாளரிடம் போனேன். "நாய்ங்க பிள்ளைங்களப் பார்த்தா விளையாட ஆரம்பிச்சிடும். அப்புறம் நான்தான் உக்காந்து மோப்பம் பிடிக்கணும்" என்று அனுப்பிவிட்டார். இன்னும் ஒன்று வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

போர்வை மடிக்கும்போது யோசனை வந்தது. உண்மையில் மடித்தது என் மனைவி. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு திட்டு வாங்கினேன்.

அவளும் சார்ஜண்ட்தான், என்னைவிட ஆறு மாதம் சீனியர். அதை வீட்டிலும் மறக்கவிட மாட்டாள். வேலை, பாராசூட் மடிப்புக் கூடத்தில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மடித்து அடுக்கியதில் ஏதாவது ஒன்றை அதிகாரி தொட்டுக் காட்டினால், மடித்தவர் அதையே மாட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். கடைக்குப் போய் வருவதுபோல் குதித்துவிட்டு வருவாள். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. சரியாக அன்றைக்கென்று அலுவலகத்தில் எனக்கு வேலை வந்துவிடும். ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே கால் நடுங்குகிறவன் வேறென்ன செய்ய?

"பாராசூட் மடிப்பை வகுப்பா வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"துணி மடிக்க யாருங்க வருவாங்க?" என்று சிரித்தாள். ஆனால் இரவுச் சாப்பாடு முழுக்க அவளே அதைப் பற்றித்தான் பேசினாள்.

மார்ச் 13, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'ஆபத்து மிகமிகக் குறைவு' என்று ஒரு வரி. எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. மேடம் படித்துவிட்டு, முதலில் நாலு பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்டச் சொன்னார். சலித்துப் போனால் யோசனை குப்பைக்கூடைக்கு.

இதுவும் கிடங்கு மாதிரி ஆகிவிடுமோ? ஆகக் கூடாது. இந்தத் தடவை மட்டும் ஆகவே கூடாது.

ஏப்ரல் 5, வெள்ளி

நாலு பிள்ளைகளும் மடிப்புக் கூடத்துக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு 'கேள்வி' என்று நானே பெயர் வைத்துவிட்டேன். மேஜை ஏன் இவ்வளவு நீளம், கயிறு ஏன் வெள்ளை, நீங்க ஏன் சார் ஓரமாகவே நிக்கிறீங்க... வாய் மூடவில்லை. மேலே கட்டியிருந்த விளக்கையெல்லாம் ஒரு நெட்டைப் பையன் தலையால் இடித்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கேள்வி கையை உயர்த்தினாள்.

"நாங்க மடிச்சதுல யாரு சார் குதிப்பாங்க?"

பதினெட்டு வயது ஆகாதவர்கள் குதிக்க முடியாது, அதனால் மண் மூட்டையைக் கட்டிப் போடுவோம் என்றேன்.

"மூட்டைக்குன்னா இவ்ளோ கவனமா எதுக்கு சார் மடிக்கணும்?"

நாலு பேரின் கையும் மேஜையிலிருந்து இறங்கிவிட்டது. வகுப்பு அங்கேயே படுத்துவிட்டது.

"அவ கேக்கறது சரிதான்" என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல். "நான் குதிக்கிறேன். உன் பாராசூட்லயே."

கேள்வியின் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்திலும்தான்.

ஏப்ரல் 5, மறுபடி

வீட்டில் அவளோடு சண்டை. வேண்டாம் என்றேன், விளையாட்டுக்குக் குதிப்பதா என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

"ஆபத்து மிகமிகக் குறைவுன்னு எழுதினது யாரு?"

"அது மத்தவங்களுக்கு எழுதினது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒவ்வொரு மடிப்பும் நான் பார்த்த பிறகுதான் அடுத்தது. சரியில்லன்னா குதிக்க மாட்டேன். எனக்கும் வீடு வாசல் இருக்குங்க" என்றாள்.

பயமாக இருக்கிறது. வேறெப்படி எழுதுவது?

ஏப்ரல் 9, செவ்வாய்

மேடம் அனுமதி கொடுத்துவிட்டார். கொடுக்க மாட்டார் என்று கொஞ்சம் நம்பியிருந்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

என் மனைவி வேலை செய்வதை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கேள்வி மடிக்க மடிக்க, இவள் கையால் தடவிப் பார்க்கிறாள். ஒரு கயிறு இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. "பிரி. முதல்ல இருந்து."

கேள்வி மறுபடி மடித்தாள். இவள் மறுபடி பிரிக்கச் சொன்னாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர மேஜையை விட்டு நகரவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. கேள்வி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் என் மனைவி பையை மூடி, சீட்டில் அந்தப் பெண்ணைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதன் கீழே தானும் போட்டாள்.

வீட்டில் நான் சண்டை போடவில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

ஏப்ரல் 16, செவ்வாய்

மைதானம். நல்ல வெயில், காற்றே இல்லை. விமானச் சத்தம் கேட்டதும் குனிந்துகொண்டேன். புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கேள்வியும் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரும்மா" என்றேன்.

"நீங்க பாருங்க சார்."

இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"தொறந்துடுச்சு! தொறந்துடுச்சு!" - நெட்டை கத்தினான்.

அப்புறம்தான் பார்த்தேன். பச்சைக் குடை, அதன் கீழே காலை ஆட்டிக்கொண்டு என் மனைவி. இத்தனை வருஷமாக இதைப் போய்ப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே, மடையன்!

இறங்கியதும் நேராகக் கேள்வியிடம் போனாள். "இடது பக்கம் கயிறு லேசா முறுக்கிக்கிச்சு. அடுத்த தடவை கவனி." பாராட்டு வாங்கியதுபோல் அந்தப் பெண் பூரித்துப் போனாள். ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தாள். வண்டி வரை நானே தூக்கி வந்தேன்.

மே 3, வெள்ளி

மூன்று வகுப்புகளும் அங்கீகாரம் ஆகிவிட்டன. டிரோனுக்குத்தான் கூட்டம். ஆனாலும் மடிப்பு வகுப்பில் இடமில்லை. அறை மாறி வந்தவர் யாருமில்லை என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். ஜூலை வகுப்பில் மூத்த மாணவியாகக் கேள்வி.

மே 6, திங்கள்

மேடத்திடம் போய், பாராசூட் பயிற்சியில் என்னைச் சேர்த்துவிடச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

ஜூலை 10, புதன்

முதல் குதிப்பு முடிந்தது. கண்ணைத் திறந்துகொண்டுதான் குதித்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

நாளை பயிற்சியின் கடைசிக் குதிப்பு. "நாளைக்கு நானே மடிச்சுத் தரட்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். இந்த வாரம் கேள்வியும் மற்ற பிள்ளைகளும் மடித்தது அடுக்கில் இருக்கிறது. எல்லாம் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டதுதான். அதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

தட்டுகளை எடுத்து அடுக்கினாள். பிறகு, "காலைல நீங்க போங்க. எனக்குக் கூடத்துல வேலை இருக்கு" என்றாள்.

"நாளைக்கு உனக்கு லீவாச்சே?"

"இருக்குன்னா இருக்கு. விடுங்களேன்." சரியாக அன்றைக்கென்று எனக்கு வருமே, அதே வேலை.