உள்பக்கத் தாழ்ப்பாள்

என் அன்பானவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மருத்துவமனையில் இரவுப் பணியை மாற்றிவிட்டார்களாமே, இனியாவது நன்றாகத் தூங்கு. மகன் தேர்வுக்குப் படிக்கிறான், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இனி உன் தங்கை சமாச்சாரம். எங்கள் பத்திரிகையில் விளம்பரப் பிரிவுக்கும் ஆசிரியர் பிரிவுக்கும் நடுவே ஒரு கதவு உண்டல்லவா? தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் மட்டும்தான். பக்கங்கள் அச்சுக்குப் போகும்வரை எங்களில் யாரும் உள்ளே போக முடியாது. விளம்பர மேலாளரான எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். உன் தங்கை ஆசிரியரானதும், இனி நம் ராஜ்ஜியம்தான் என்று நினைத்தேன்.

போன வாரம், எங்களுக்கு நிறைய விளம்பரம் தரும் கட்டட நிறுவனத்தைப் பற்றி முதல் பக்கச் செய்தி தயாரானது. அவர்கள் கட்டிய குடியிருப்பில் மாடிப்படி விரிசல் விட்டிருக்கிறது. மேலே குடும்பங்கள் இருக்கின்றன. செய்தி வந்தால் விளம்பரம் கிடையாது என்று மிரட்டினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, மச்சினிதானே, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். நானும் மிடுக்காகப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. போன் செய்தேன்.

"அத்தானா பேசறீங்களா, விளம்பரப் பிரிவா பேசறீங்களா?" என்றாள்.

அத்தான்தான் என்றேன்.

"அப்ப சாயங்காலம் வீட்டுக்கு வரேன், பேசலாம். விளம்பரத்துக்காக இதை நிறுத்தினா, நாளைக்கு நாம எழுதறதை யார் நம்புவாங்க?"

போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே.

செய்தி வந்தது, விளம்பரங்கள் போயின. முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் வேலையும் என் வேலையும் சேர்ந்தே போகும் என்று பயந்தேன். ஆனால் செய்தியைப் படித்த நகராட்சிப் பொறியாளர்கள் அங்கே போய்ப் பார்த்து, எல்லோரையும் வெளியேற்றினார்கள். நேற்றுக் காலை அந்த மாடிப்படி அப்படியே இடிந்து விழுந்தது. உள்ளே ஓர் ஈ காக்கைகூட இல்லை!

மதியம் முதலாளி தானே வந்து கதவைத் தட்டினார். பக்கம் முடியட்டும் என்று உள்ளிருந்து பதில் வந்தது. மனிதர் என் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார். கதவு திறந்ததும் எழுந்து நின்று, "நீங்க செஞ்சதுதாம்மா சரி" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. முதலில் கைதட்டியது நான்தான், சாட்சி உண்டு. போன விளம்பரங்கள் இன்னும் திரும்பவில்லை. புதிதாகத் தேடிப் பிடிப்பது என் பாடு. சந்தோஷமாகவே அலைகிறேன்.

ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலம் வருகிறேன் என்றவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீ பேசும்போது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல். இங்கே அவள் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்றும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
அவளுடைய அத்தான்