தாளில் விட்டுப்போன அத்தை

அன்பு மகன் லெனாக்ஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்த ஹடர்ஸ்ஃபீல்ட் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி ஜெபம். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எதைச் சொன்னாலும் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியாதா. காகிதத்தைப் பார்த்து நீ சிரித்தால் என் காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், நான் ஓட்டும் பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடியைக் கம்பத்தில் உரசிவிட்டேன், இது இரண்டாவது தடவை, கம்பம்தான் குறுக்கே வந்து நின்றது என்று சொல்லிச் சிரித்தாய். உன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய் ஆட்டுப்பட்டி ஓரம் நின்றுவிட்டார். அவருக்குக் கண் மங்கியதும் இப்படித்தான் ஆரம்பித்தது லெனாக்ஸ். ஹில்ஸ்பரோ படகுத்துறையில் இடது பக்கம் கட்டியிருந்த படகை ஒருநாள் இடித்தார், மறு மாதம் துறைக் கல்லையே இடித்தார், அப்போது அவரும் சிரிக்கத்தான் செய்தார். இந்தக் கடிதத்தை முழுசாகப் படி. உள்ளே மடித்து வைத்திருப்பது நர்ஸ் மார்வா கொடுத்த தாள், அதை மேசை டிராயரில் போட்டுவிடாதே.

மார்வா யார் என்று கேட்பாய். பெரிய தீவு கிரெனடாவிலிருந்து நம் சின்னத் தீவுக்கு வந்த நர்ஸ், முப்பத்தைந்து வயதிருக்கும், குரல் மட்டும் பள்ளிக்கூட மணி மாதிரி. மூன்று மாதத்துக்கு முன்னால் நம் லெஸ்டேர் சர்ச் மண்டபத்தில் கூட்டம் போட்டாள். ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்களில் கண் பிரஷர் ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது, ரத்தத்தில் வழிவழியாக எது வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். கண்ணைப் படம் எடுப்பார்கள், ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள், குடும்பத்தில் யார் யார் என்று எழுதிக்கொள்வார்கள். ரம் கடை ஒப்ரி எழுந்து, நம்ம ரத்தத்த எடுத்துட்டுப் போயி என்ன செய்யப் போறீங்க, மிளகா சாஸ் போடப் போறீங்களா என்று கேட்டான், மண்டபமே சிரித்தது. மார்வா கோபப்படவில்லை. இதுவரைக்கும் உலகத்துல படிச்சுப் பாத்த ரத்தமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்களோடது அண்ணே, மருந்து மாத்திரையெல்லாம் அத வச்சுத்தான், நம்ம ஜனங்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வருது, வேகமா பார்வையப் பிடுங்குது, ஏன்னு கேட்டா புஸ்தகத்துல நம்ம பக்கம் காலியாக் கெடக்கு, அத எழுதத்தான் வந்திருக்கோம், விருப்பம் இருந்தா கொடுங்க, பாதியில வேணாம்னு தோணினா எழுந்து போயிடுங்க, யாரும் ஏன்னு கேக்க மாட்டோம் என்றாள். அதன் பிறகு ஒப்ரிதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள், பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று மார்வா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா. டவுனுக்குப் போகும்போது துவைத்த சட்டை போடுகிறோம், டாக்டருக்கு அழுக்கு ரத்தத்தையா கொடுப்பது என்று ஊரே காட்டுப் பாகல் இலையைக் கொதிக்க வைத்துக் கஷாயம் குடித்துவிட்டு வந்திருந்தது. உன் அப்பாவுக்கும் நான்தான் பெரிய கப்பில் ஊற்றிக் கொடுத்தேன், நானும் குடித்தேன். எட்டு மணிக்கு மண்டபத்துப் பெஞ்சில் ஆளே இல்லை, எல்லாரும் பின்னால் கக்கூஸ் வாசலில் வரிசை. ஒப்ரி வேலியைத் தாண்டிப் பாதிரியார் வீட்டுப் பக்கமே ஓடினான். மார்வா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த ரத்தம் எனக்கு உதவாது, வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடுங்க, அடுத்த வாரம் வாங்க, இலை தழை எதுவும் தொடாதீங்க என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்த ஒரு வாரம் தள்ளிப்போனதுதான் நம் குடும்பத்துக்குக் கிடைத்த பாக்கியம் என்று இப்போது சொல்கிறேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த வாரத்தில் மார்வா ஒவ்வொரு வீடாகப் போய்க் குடும்பப் படம் வரைந்தாள், ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துக்கொண்டு, அப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தன பேர் என்று கேட்டாள். இரண்டு தம்பி, இரண்டு தங்கை, மொத்தம் நாலு என்று நான் பதில் சொன்னேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், விரலில் சொடக்கு எடுத்தார். நாலு இல்லை, ஐந்து. ஐந்தாவது இவெல்டா, உன் தாத்தாவுக்கு கிராண்ட் பே ஊரில் வீட்டுக்கு வெளியே, வேறொரு பெண்ணிடம் பிறந்தவள். அப்பாவுக்கு ஐந்து வயது இளையவள். உன்னிடம் ஒருநாளும் அவள் பெயரை நான் சொன்னதில்லை. தாத்தாவுக்குக் கல்லறைக் கல் நாட்டிய விருந்து உனக்கு ஞாபகம் இருக்குமா, நீ அப்போது பன்னிரண்டு வயதுப் பையன். பெரிய மேளம் அடித்து, ஆப்பிரிக்காவில் நம் மூத்தோர் எந்தெந்த இனமோ அந்த ஒவ்வொரு இனமாகக் கூப்பிட்டார்கள், கடைசியில் நம் தெம்னே இனத்துக் கொட்டு அடித்தார்கள். தகப்பன் எந்த இனமோ பிள்ளையும் அந்த இனம், அந்தக் கொட்டுக்கு வட்டத்துக்குள் இறங்க அவளுக்கும் உரிமை உண்டு. வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு இறங்கினாள். உன் பாட்டி முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். மாமியாருக்கு நல்ல மருமகள் ஆகவேண்டும் என்ற நினைப்பில் நான் போய் இவெல்டாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஊரே பார்க்க வெளியே கொண்டுபோய் விட்டேன். முப்பது வருஷம் அவள் நம் வாசல் மிதிக்கவில்லை, நாங்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கஷாயக் கதை தீவு முழுக்கப் பரவி கிராண்ட் பேக்கும் போயிருக்கிறது, கூடவே ஆராய்ச்சிச் செய்தியும் போயிருக்கிறது. இரண்டாவது சனிக்கிழமை மண்டபத்தில் மார்வா குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டாள். குவாஷி குடும்பம் என்றதும் நாங்கள் எழுந்தோம், பின் பெஞ்சிலிருந்து ஒரு குடை எழுந்தது. குடையைத் தரையில் தட்டித் தட்டி வந்தாள் இவெல்டா. வலது கண் முழுக்க வெளுத்துக் கிடந்தது. மார்வா தாளைப் பார்த்துவிட்டு, உங்க பேர் இதுல இல்லையேம்மா என்றாள். இப்போது ஊர் முன்னால் என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இருக்காதும்மா, அது பழைய பழக்கம், புஸ்தகத்துல நம்ம ஜனங்க பக்கம் காலியாக் கெடக்குன்னு சொன்னியாமே, எழுதாம விட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதான் வந்தேன், இந்தா கை என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்வா அவளைத் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், இதனால் போன கண் திரும்பி வராது, பலன் தெரிய பத்து வருஷம் கூட ஆகலாம், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்று. இவெல்டா, எனக்கு எதுக்கு, பின்னால வர்றதுங்களுக்கு ஆகட்டும் என்றாளாம். உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று மார்வா பேனாவை எடுத்ததும், எனக்கு ஏது பிள்ள, எங்க அண்ணன் பிள்ளைங்க இருக்குல்ல என்றாளாம். அதை மார்வா என்னிடம் சொன்னபோது நான் மண்டபத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவளுக்கு நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள், முகம் சுளிக்கவில்லை, அழுத பிள்ளைக்குச் சொல்வதுபோல மார்வாவிடம், பதறாதம்மா, உள்ளதான் இருக்கு, வரும் என்றாள். லெனாக்ஸ், நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய மனசை நான் பார்த்ததில்லை, அந்த மனசைத்தான் அன்று வட்டத்தை விட்டு வெளியே தள்ளினேன்.

பிறகு மார்வா என்னையும் அப்பாவையும் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டாள். ஒரு பக்கம் அப்பாவின் கண் படம், ஒரு பக்கம் இவெல்டாவின் இடது கண் படம். நரம்பு தேய்ந்திருந்த இடத்தைக் காட்டினாள், இரண்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அப்பாவுக்கு வந்தது கடல் வெயிலால்தான், முப்பது வருஷம் சரக்குப் படகில் இருந்தவருக்குக் கண் கெடாமல் என்ன செய்யும் என்று நான்தானே உங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோய் வந்தவரின் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மார்வா முதல் நாளே சொல்லியும் நான் கேட்கவில்லை, கூடப் பிறந்த நாலு பேரில் யாருக்கும் இல்லையே, பிறகு எப்படிக் குடும்ப நோய் ஆகும் என்று அவளிடமே வாதாடினேன். இவெல்டாவுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி, கடலுக்குப் போனதே கிடையாது. வேறு தாய், ஒரே தகப்பன், அதே நோய். உன் தாத்தா வழியாக இறங்கியிருக்கிறது போலிருக்கிறது, முழுசாகச் சொல்ல ஆராய்ச்சி முடியவேண்டும், ஆனால் இந்தக் கிளையில் நாற்பது தாண்டியவர்கள் ஒருநாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றாள் மார்வா. வலி இருக்காதாம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுமாம், போனது போனதுதானாம், சீக்கிரம் பிடித்தால் சொட்டு மருந்திலேயே மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். உனக்கு நாற்பத்திரண்டு. இடது பக்கக் கம்பம் உனக்குத் தெரியவில்லை.

மறு வாரம் நானும் அப்பாவும் கிராண்ட் பேக்குப் போனோம். சோளக்களியும் கோழியும் கொண்டுபோனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் அவரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், காலடிச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது. வாங்க அண்ணி, முப்பது வருஷமா பஸ் கெடைக்கலையா என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே உருகிவிட்டாள் என்று நினைக்காதே. அது ஒரு நாள்ல ஆகற காரியமா அண்ணி, மொதல்ல உள்ள வந்து உக்காருங்க என்றாள். உன் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நானும்தான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு நின்னேன் என்றார், அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் இதுவரை கேட்டதில்லை. தாத்தாவின் கல்லறைக் கல்லில் பிள்ளைகள் வரிசையில் விட்டுப்போன அவள் பெயரையும் வெட்டுகிறேன் என்றும் சொன்னார். அவள், கல்லு எங்கயும் ஓடாது அண்ணே, கண்ணுதான் ஓடும் என்றாள். இப்போது அவள் மார்வாவோடு ஊர் ஊராகப் போகிறாள், பயப்படும் கிழங்கட்டைகளிடம், எனக்கு நாலு குத்து, உனக்கு ஒரு குத்துக்கே இவ்வளவு சத்தமா என்று கேலி செய்து உட்கார வைக்கிறாள். இதுவரை அறுபது பேர் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் நம் வீட்டில் இறந்துபோன மூத்தோருக்குப் படையல் தட்டு வைத்து மேளம் அடிக்கப் போகிறோம். இவெல்டாவிடம், தெம்னே கொட்டு அடிக்கும்போது நீதான் முதலில் வட்டத்தில் இறங்கவேண்டும், நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். பஸ் ஓட்டற பையனுக்குக் கண்ணு பாத்தாச்சுன்னு சேதி வரட்டும், அவனும் தெம்னேதான, அப்புறம் ஆடறேன் என்கிறாள். உன்னை அவள் பார்த்தது தாத்தா விருந்து நடந்த அந்த ஒரு நாள்தான். ஆகவே மகனே, உன் கண்ணுக்காகப் போகாவிட்டாலும் அவள் காலுக்காகவாவது போ. நர்ஸின் தாளை அங்கே கண் டாக்டரிடம் காட்டு. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பஸ்ஸை எடுக்காதே, வேலை போய்விடும் என்று பயந்து மறைக்காதே, அந்தப் பஸ்ஸில் மற்றவர் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். உன் பெரிய மகனையும் கூட்டிப்போ. அங்கே குடும்பத்தில் யார் யாருக்கு என்று கேட்பார்கள். அப்பாவுக்கு என்று சொல், அத்தைக்கு என்றும் சொல். எத்தனை அத்தை என்று கேட்டால் மூன்று என்று எழுது.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே, மருமகளுக்கு என் முத்தம், பிள்ளைகளை ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய். இன்று இவெல்டா இங்கேதான் இருக்கிறாள், கடிதத்தை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், நீளமா இருக்கு, ஆனா பரவால்ல என்றாள். தானும் கையெழுத்துப் போடவேண்டுமாம். கையைப் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன், வேணாம், தாள மட்டும் பிடிங்க அண்ணி என்றாள். பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா எஸ்மி குவாஷி
அப்பா

உன் அத்தை,
இவெல்டா குவாஷி